பதினொன்றாம் கேள்விக்கு நீ போட்ட விடை

தம்பி,

இதைச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி என்று எழுதத்தான் முதலில் கை போனது. பெற்றவளின் பழக்கம் அப்படி. எழுதியதை அடித்துவிட்டேன். படித்துவிட்டுச் சாப்பிடு. பால்வாடியில் மிச்சமான நீள நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். உங்கள் பள்ளியில் மதிய மணி அடிக்கும் நேரத்துக்கு வந்து சேரும். கையெழுத்து புரியவில்லை என்று சொல்லி நீ தப்பிக்க முடியாது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை இது.

இது உனக்கு மட்டும் எழுதியதும் இல்லை. உங்கள் வாத்தியார்கள் குரூப் ஒன்று இருக்கிறதே, பயிற்சிக்கான விடைகளை வரிசையாகப் போட்டுவிட்ட குரூப், அதிலும் இது போக வேண்டும். எப்போது போட வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதனால்தான் பள்ளி இருக்கும் ஊரின் பேர், பள்ளிப்பேர், பிள்ளைகளின் பேர் எதையும் எழுதவில்லை. ஒன்றிரண்டு அடையாளங்களை வேண்டுமென்றே மாற்றியும் இருக்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளையின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. உன் பேரையும் விட்டுவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக விட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் பேர் தெரிந்தால் அந்தப் பிள்ளையின் பேரும் தெரிந்துபோகும் என்பதற்காக விட்டேன்.

வளைகாப்புக்கு வந்தவள் நாலு நாள் பெரம்பலூரில் உங்களோடு தங்கினேன். ஏழு வருஷம் காத்திருந்து உன் வீட்டுக்காரியின் கை நிறைய வளையலைப் பார்த்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். அன்றைக்குப் பந்தியில் உன் மச்சான் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? தன் அஞ்சு வயசுப் பையனைத் தூக்கிக் காட்டி, பெண் பிறந்தால் இவனுக்குத்தான், இப்போதே பத்திரிகை அடித்துவிடலாம் என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் மச்சான் நல்ல மனுஷர், அவர் மனசில் ஒரு கெட்டதும் இல்லை. ஆனால் கை கழுவப் போனபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. நான் எப்படிச் சிரித்தேன், எதற்குச் சிரித்தேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இதுவரை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நீ சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த உன் போனில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். ஒரு பெண் பிள்ளைப் பொம்மை, ஒரு டீச்சர் பொம்மை, கீழே எழுத்து. என்ன படம் என்று கேட்டேன். "படம் இல்லம்மா, ட்ரெய்னிங். புள்ளைங்க பாதுகாப்பு ட்ரெய்னிங். ஓடி முடிஞ்சாத்தான் சர்ட்டிபிகேட் வரும்" என்றாய். ஓடி முடிந்தது. பிறகு இருபது கேள்வி வந்தது. உன் வீட்டுக்காரியின் போனில் குரூப்பிலிருந்து வந்த விடைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, இங்கே பார்த்து அங்கே அமுக்கினாய். இஸ்திரிப்பெட்டி சூடு ஆறுவதற்குள் முடித்துவிட்டாய். முழு மதிப்பெண். சான்றிதழை நம் குடும்ப குரூப்பில் போட்டாய், ஆளாளுக்குக் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்கும் கட்டைவிரல் காட்டத்தான் கை வந்தது.

எல்லா வாத்தியாரும் இப்படித்தாம்மா பண்றாங்க என்றாய். நான் சத்தம் போடவில்லை என்று நீ ஆச்சரியப்பட்டிருப்பாய். சத்தம் போட எனக்கு முகம் இல்லை தம்பி.

மத்தியானம் சாப்பிடும்போது ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன போட்டோவைக் காட்டினாய். எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று கேட்டேன். பேச்சுவாக்கில்தான் கேட்டேன். நீ சோற்றைப் பிசைவதை நிறுத்தினாய். அந்தப் பிள்ளை கொஞ்ச நாளாகக் கடைசி மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போவதில்லை, லேபில் வந்து சுத்தமாக இருக்கும் கண்ணாடிக் குழாய்களையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள் என்றாய். கூட்டிப்போக ஓர் உறவுக்காரர் பைக்கில் வந்து கேட்டில் நிற்பாராம். அவர் வருகிற நாளில் எல்லாம் உன்னிடம் வந்து அவள் ஒன்று கேட்பாளாம்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இங்கயே இருந்துக்கட்டா?"

அதை நீ சொன்னபோது நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மோர் தட்டு வழிந்து பாயில் ஓடியது. வயசாகிவிட்டது என்று நினைத்து நீ துணி எடுத்து வந்தாய். மோர் வழிந்தது வயசினால் இல்லை. அதே கேள்வியை, அதே வார்த்தைகளில், இன்னொரு பிள்ளையின் வாயிலிருந்து நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

மிச்சத்தையும் நீயே சொன்னாய். போன வாரம் ஒரு நாள் அவள் அழுதுகொண்டே உன்னிடம் சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. நீ அன்றைக்கே ஹெச்.எம். அறைக்குப் போனாய். அந்த அளவுக்கு என் பிள்ளைதான் நீ. ஹெச்.எம். கதவைச் சாத்திவிட்டு, பொம்பளைப் பிள்ளை பேர் கெட்டுப்போகும், அந்தக் குடும்பம்தான் நம் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தது, நீங்கள் புதிது, இதில் எல்லாம் தலையிடாதீர்கள் என்றிருக்கிறார். அதை நீ என்னிடம் அவர் குரலிலேயே சொன்னாய், ஏதோ அவர் உன்னைக் காப்பாற்றிவிட்ட மாதிரி. "நான் ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டேன்மா. என் கடமை முடிஞ்சிது" என்றாய்.

காலையில் பதில் போட்ட கேள்விகளைக் காட்டு என்று கேட்டேன். நீ புரியாமல் போனைக் கொடுத்தாய். பதினொன்றாம் கேள்வியில் நிறுத்தினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீயே வாசி என்றேன். கண்ணாடி என் இடுப்பில்தான் இருந்தது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடப்பதாகத் தெரிய வந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. நாலு விடை. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடிப்பது. தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லிவிட்டு விடுவது. நிரூபணம் கிடைக்கும்வரை காத்திருப்பது. போலீசுக்கோ சிறார் பாதுகாப்புப் பிரிவுக்கோ உடனே தெரிவிப்பது. நாலாவதற்குப் பக்கத்தில் பச்சை டிக் இருந்தது, நீ போட்டது. இரண்டாவதை வாசிக்கும்போதே உன் குரல் இறங்கிவிட்டது. அப்புறம் போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாய்.

"அது பரீட்சைக்கும்மா" என்றாய்.

அந்த வார்த்தைக்காக உன்னை அடிக்கலாம் போல இருந்தது. உன்னை அடித்துவிட்டு என்னையும் அடித்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நீ பி.எட். சேர்ந்த வருஷம். தா.பழூர் யூனியன் ஆபீசில் எங்கள் பால்வாடி டீச்சர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் பயிற்சி போட்டார்கள். குழந்தைகளைப் பாதுகாக்கப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, அதைப் பற்றி என்றார்கள். வாசலில் பேனர், காலையில் டீ, வடை. பேனர் முன்னால் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ. வருகைத் தாளில் காலைக்கு ஒரு கட்டம், மாலைக்கு ஒரு கட்டம். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வந்த உடனேயே இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பாதிப் பேர் போட்டோ முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் யாராவது கேட்டால், இப்போதுதான் வெளியே போனார்கள் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. உங்கள் குரூப்பில் விடை போடுகிற மாதிரிதான். அன்றைக்கு எங்களிடம் வாட்ஸப் குரூப் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு நான் கிளம்பியது ஜெயங்கொண்டத்துக்கு. தாலுக்கா ஆபீசில் உன் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பி.எட். விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி. என் பிள்ளை வாத்தியாராக வேண்டும் என்று, வாத்தியார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைக் கேட்காமல் நான் பஸ் ஏறினேன். அந்தச் சான்றிதழ் வந்தது, நீ வாத்தியாரானாய், எல்லாம் நடந்தது. அந்தப் பயிற்சியில் மத்தியானத்துக்கு மேல் என்ன சொன்னார்கள் என்று ஏழு வருஷம் எனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து. வளரிளம் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போமே, அதற்கு எங்கள் மையத்துக்கு ஒரு பிள்ளை வரும். பதிமூன்று வயசு. செல்வி என்று வைத்துக்கொள், அது அவள் பேர் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு மற்றப் பிள்ளைகள் ஓடிவிடும். இவள் போக மாட்டாள். விளக்குமாற்றை எடுத்துக் கூட்டுவாள், பிள்ளைகளின் தட்டுகளை அடுக்குவாள். எனக்கும் எங்கள் ஆயாவுக்கும் சௌகரியமாக இருந்தது. ஒரு நாள் கதவைப் பூட்டப் போகும்போது வாசல்படியில் நின்றுகொண்டு கேட்டாள். "டீச்சர், எங்க மாமா வந்திருக்காரு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இங்கயே இருந்துக்கட்டா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். முறைமாமன் வந்தால் ஓடிப்போய் எதிரில் நிற்கணும்டி, நீ என்ன ஓடி ஒளியுற, கட்டிக்கப் போறவரிடம் என்ன வெட்கம் என்றேன். ஆயாவும் சேர்ந்துகொண்டு, மாமன் கிள்ளாமல் வேறு யார் கிள்ளுவார் என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். நம் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் காதில் விழுவது அதுதானே. மாமனுக்கு முத்தம் கொடு, மாமன் மடியில் உட்கார், உனக்கு அவர்தான். நான் மற்றவர்களை விட மோசம் இல்லை, மற்றவர்களைப் போலத்தான் இருந்தேன். அதுதான் மோசம். அந்தப் பிள்ளை விளக்குமாற்றை அதன் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் மாத்திரைக்கு மட்டும் வரும். வாங்கிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு ஓடிவிடும். செல்வி தெளிந்துவிட்டாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

மூன்று வருஷத்தில் அந்த மாமனுக்கே அவளைக் கட்டி வைத்தார்கள். பதினாறு வயசு. அதைத் தடுக்கவும் சட்டம் இருந்தது, சொல்ல வேண்டிய இடத்தில் நானும் இருந்தேன். நான் எவர்சில்வர் குடத்தோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

இன்னும் நாலு வருஷம் போனது. இருபது வயசில், மூன்று வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு செல்வி எங்கள் மையத்துக்கு வந்தாள். புருஷனை விட்டுவிட்டு வந்திருந்தாள். சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தேன், பிள்ளை பேரைக் கேட்டேன், எடை போட்டேன். எல்லாம் முடிந்து அவள் எழுந்தாள். வாசல்படி வரைக்கும் போனாள். அதே படி. திரும்பி நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மருந்து கொடுக்கும் நேரத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"டீச்சர், எம்பொண்ணு எதாச்சும் வந்து சொன்னா சிரிச்சிராதீங்க."

அவ்வளவுதான். எனக்கு எதிரில் பிள்ளைகள் சத்துமாவு உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அவளிடம் கேட்க வேண்டியதை இதுவரை கேட்கவில்லை. அதுவும் என் தப்புதான், எழுதி வைக்கிறேன்.

அந்த வருஷம் மறுபடி பயிற்சி போட்டார்கள். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மாலைக் கட்டத்தில் மாலையில்தான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் ரிட்டயர் ஆகப்போற நேரத்துல அக்காவுக்குப் படிப்பு வந்துட்டுது என்று கிண்டல் பண்ணினார்கள். பாடம் நடத்த வந்தது உன்னை விடச் சின்னப் பெண். எங்களை ஜோடி ஜோடியாக எதிரெதிரே உட்கார வைத்தாள். ஒருத்தர் பிள்ளையாக இருந்து சொல்ல வேண்டும், இன்னொருத்தர் பெரியவராக இருந்து பதில் சொல்ல வேண்டும். என் எதிரில் இருந்தவள் பிள்ளை மாதிரி மெல்லிய குரலில், டீச்சர் எனக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு என்றாள். ஐம்பத்தாறு வயசு, ஊரில் எல்லாரையும் வாயாலேயே விரட்டுகிறவள், அங்கே ஊமையாக உட்கார்ந்திருந்தேன். பாடம் நடத்திய அந்தச் சின்னப் பெண் வந்து என் தோளைத் தொட்டு, சொல்லிப் பாருங்கம்மா என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தாள். நான் உன்னை நம்புறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்ல. நீ எங்கிட்ட சொன்னது நல்லது. இனிமே பெரியவங்க பார்த்துக்குவோம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லியாக வேண்டும் என்றாள். நாலே வாக்கியம் தம்பி. அவை என் வாயில் படிய ஒரு முழு மத்தியானம் ஆனது. அந்த மத்தியானத்தைத்தான் நான் ஏழு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் கழித்தேன்.

சட்டம் என்றால் நீ போலீசையும் கோர்ட்டையும் நினைக்கிறாய். அது நடந்து முடிந்த பிறகு வரும் பாதி. அதே சட்டம் முன்பாதியையும் எழுதி வைத்திருக்கிறது. பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதையெல்லாம் தெரியப்படுத்து, பிள்ளைகளோடு வேலை செய்கிற எல்லாருக்கும் சொல்லிக் கொடு என்று அரசாங்கத்தையே அது கேட்கிறது. தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்கிறது, அதில் வாத்தியார், வேன் ஓட்டுகிறவர், ஆயா என்று பிரிவு கிடையாது. சொல்லாமல் விட்டால் அதுவும் குற்றம் என்கிறது. நல்ல மனசோடு சொன்னவர் மேல் கை வைக்க முடியாது என்கிறது. எழுதியவர்கள் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். அதைப் பேனர், போட்டோ, பச்சை டிக் என்று ஆக்கியது நாம்தான். நானும் நீயும்.

உன் ஹெச்.எம். சொன்னதற்கு வருகிறேன். பேர் கெட்டுப்போகும் என்றாரே, யார் பேர்? தப்புச் செய்தவன் பேர் கெடட்டும், அதற்குத்தானே சட்டம். பிள்ளையின் பேரைச் சட்டம் மூடி வைக்கிறது, அதைத் திறப்பது ஊர் வாய். ஊர் வாயை அடைக்கத் தைரியம் இல்லாதவர்கள் பிள்ளையின் வாயை அடைக்கிறார்கள். சுற்றுச்சுவர் கட்டினார்களாம். சுவரைக் கட்டியவருக்கு நன்றி சொல்லிப் பெயர்ப்பலகை வைத்தாயிற்று, அதோடு சரி. சுவருக்கு உள்ளே இருக்கும் பிள்ளையை அதற்குப் பதிலாகக் கொடுக்க அவர் யார், நீ யார்?

வியாழக்கிழமை சாயங்காலம் நான் போன் பண்ணினேன். நீ முதலில் மருமகளின் மாத்திரையைப் பற்றிப் பேசினாய், பிறகு மழையைப் பற்றி. நான் நேராகக் கேட்டதும், "ப்ரொபேஷன் முடியட்டும்மா. நீ இதுல தலையிடாத" என்றாய். பத்து வருஷம் பரீட்சை எழுதி வாங்கிய வேலை, போய்விடுமோ என்று பயப்படுகிறாய். பயப்படுவது தப்பு என்று சொல்ல மாட்டேன். நானும் பயந்தவள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையை அந்த பைக்கில் ஏற்றி அனுப்பிக் காப்பாற்றிக்கொள்கிற வேலையில் வருகிற சோறு எனக்கு வேண்டாம். வேலை போனால் வா, மக்காச்சோளம் போடுவோம். நம் கொல்லைக் காடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்காகக் காத்திருந்தேன் பார், அது நான் செய்த இன்னொரு தப்பு. நீ எனக்குச் சொன்ன நிமிஷமே எனக்கும் தெரிந்துவிட்டது. மகன் செய்யட்டும் என்று அம்மா பொறுத்திருக்கலாம் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. என் பிள்ளையே செய்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டு, அந்தப் பிள்ளையின் நாலு சாயங்காலத்தை நான் வீணாக்கிவிட்டேன்.

இந்தக் கடிதத்தின் பாதியை நேற்று வீட்டில் எழுதினேன். மிச்சத்தைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கூப்பிட்டால் வந்துவிடுகிற தூரத்தில்தான் இருக்கிறேன். இன்றைக்கு விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பி, ஜெயங்கொண்டம், அரியலூர் என்று மாறி வந்தேன். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்று நின்று வந்ததில், ஆபீஸ் கதவு திறப்பதற்கு முன்னால் போய்ச் சேர மாட்டேனோ என்று பதறினேன். போய்ச் சேர்ந்துவிட்டேன். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் குழந்தைகளுக்கான அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போனேன். ஒரு பெண் எழுதிக்கொண்டாள். முதலில் தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை உங்களிடம் நேராகச் சொன்னதா என்று கேட்டாள். இல்லை, என் மகனிடம் சொன்னது, அவன் அவளுடைய வாத்தியார் என்றேன். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டாள். பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம்.

"அவனுக்குப் பயம்மா. அவன் பேரையும் நம்பரையும் எழுதிக்குங்க" என்றேன்.

எழுதிக்கொண்டாள். எழுதியதை வாசித்துக் காட்டட்டுமா என்றாள். வேண்டாம், நானே படிக்கிறேன் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே உன்னைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். இவ்வளவு தெரிந்தும் நீ ஏன் சொல்லவில்லை என்று நாளைக்கு யாராவது உன்னைக் கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல். என்ன வந்தாலும் பக்கத்தில் நான் நிற்பேன், ஆனால் உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். மருமகளிடம் நானே பேசிக்கொள்கிறேன். பெண் பிறந்தால், என் பேத்தியை யாரும் யாருக்கும் எழுதி வைக்கக் கூடாது என்று பேர் வைக்கிற அன்றைக்கே நடுக்கூடத்தில் நின்று சொல்லப்போகிறேன். உன் மச்சானுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

அந்தப் பிள்ளை பத்திரமான இடத்தில் இருக்கிறாள், இனி வெளியே பேசலாம் என்று அந்த அலுவலகம் சொல்லுகிற நாளில் இதை உன் நம்பரிலிருந்து இல்லாமல், உன் பேர் தெரியாமல் உங்கள் குரூப்பில் சேர்த்துவிடு. அதற்கு முன்னால் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது.

இனி இன்றைக்கு நீ செய்ய வேண்டியது. தெரியாத நம்பரிலிருந்து உனக்குப் போன் வரும். நீ தெரியாத நம்பரை எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இதை எடு. அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொல், கூட்டாதே, குறைக்காதே. பள்ளி விடும் நேரத்துக்கு அந்த அலுவலகத்தாரும் போலீசும் வந்துவிடுவார்கள், காக்கி போடாமல் சாதாரண உடையில் வருவார்கள். ஹெச்.எம். உன்னைக் கூப்பிட்டு அனுப்பினால், வகுப்பு முடிந்து வருகிறேன் என்று சொல். அவள் இருக்கும் இடத்தை விட்டு நகராதே. கேட்டில் பைக் நிற்கட்டும், ஹாரன் அடிக்கட்டும்.

கடைசி மணி அடித்ததும் அவள் லேபுக்கு வருவாள். உன்னிடம் அதே கேள்வியைக் கேட்பாள். இரு என்று அவளிடம் சொல். இரும்மா, நானும் இங்கதான் இருக்கேன் என்று சொல்.

அம்மா